சுவருக்கும் மூச்சுண்டு
பிரான்சு நாட்டுக் கிராமங்களிலே பழைய வீடுகளைப் புதுக்கும் முறை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். புதுவீடு கட்டுவோனுக்கே இத்தனை தொல்லையென்றால், இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எவரோ கட்டி, பல தலைமுறையினர் வாழ்ந்து, பின்னர் பூட்டிவிட்டுப் போன வீடொன்றை மீண்டும் குடியிருப்புக்கு உகந்ததாக்க முனைவோனின் பாடு எத்தகையதாயிருக்கும்? பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறங்களிலே பலர் இந்தப் பாட்டை விரும்பியே ஏற்கின்றனர். அவர்கள் செய்வது யாது, எங்கே வெற்றி பெறுகின்றனர், எங்கே தவறுகின்றனர் என்பதை ஈண்டு நோக்குவோம். வீடு வாசலில் நாட்டமுள்ளோர்க்கு மட்டுமன்றி, இரசாயனமும் சரித்திரமும் பயிலும் மாணவர்க்கும் இதில் அறியத்தக்கவை பல உள.

பிரான்சிலே வீட்டின் வடிவம் மண்ணுக்கு மண் மாறுபடும். நோர்மாண்டியில் மரச்சட்டங்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து நிரப்பிய சுவர்களைக் காணலாம். லியோன் நகரைச் சூழ்ந்த பகுதிகளில் ஈரமண்ணை அடித்து இறுக்கியே சுவர் எழுப்பினர். தெற்கே புரோவான்சு மாகாணத்துக் கல்வீடுகள், மிஸ்திரால் எனப்படும் கடுங்குளிர் வாடைக் காற்றுக்கு முதுகைக் காட்டி, வடபுறத்தில் யன்னலே இன்றி நிற்கும். எல்லாவற்றையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆதலின், தென்மேற்கிலுள்ள கெர்சி என்னும் சுண்ணக்கல் நாட்டை எடுத்துக்கொள்வோம். இன்று லொட் எனப் பெயர் பெற்ற நிர்வாக மாவட்டத்தின் பெரும்பகுதி இப்பழைய நாடேயாகும்.

வீடுகள் ஏன் வெறுமையாயின?

1851ஆம் ஆண்டில் லொட் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சம். 1960களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 1½ இலட்சமாகக் குறைந்துவிட்டது. நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஊரில் பாதிப்பேர் இல்லாமற் போயினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிலொக்சரா என்னும் சிறு பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரை அரித்து, காஓர் நகரைச் சூழ்ந்த தோட்டங்களை அழித்தது. பிழைப்பை இழந்தவர்கள் புகைவண்டி ஏறிப் பாரிசுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர். பின்னர் 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தம் பிரான்சின் போர்வீரருள் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. இன்றும் மிகச் சிறிய கிராமத்திற்கூட, மாண்டோரின் பெயர் பொறித்த நினைவுக்கல் ஒன்று நிற்கக் காணலாம். அதிலே ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதும் உண்டு. பூட்டிய வீடுகள் பலவற்றின் கதை அக்கல்லிலேயே தொடங்குகிறது எனலாம்.

வீட்டை வாசித்தல்

கெர்சி நாட்டு உழவனின் பழைய வீடு மேலும் கீழுமாக இரு பகுதி கொண்டது. கீழே திராட்சைமது வைக்கும் நிலவறையும் ஆட்டுத் தொழுவமும் இருக்கும். மேலே மனிதர் வாழ்ந்தனர். வெளிப்புறமாக ஏறும் கற்படிகளின் உச்சியில், தூண்கள் தாங்கும் கூரையோடு கூடிய சிறு விறாந்தை ஒன்று உண்டு. அதனை அவ்வூரார் 'பொலே' என்பர். உள்ளே பெரிய அடுப்பு. ஆள் உட்காரத்தக்க அகலமுடைய அதன் பெயர் 'காந்து'. பக்கத்தில் கல்லைக் குடைந்து செய்த பாத்திரம் கழுவும் தொட்டி. அதன் நீர் சுவரில் இட்ட துளையின் வழியே வெளியே ஓடும். முற்றத்தில் பாண் சுடும் போறணையும் புறாக்கூடும் நிற்கும். புறா எச்சம் அந்நாளில் விலைமதிப்புள்ள எருவாயிருந்தது.

இவ்வீடுகளைப் புதிதாக வாங்குவோர் முதலிற் குறைகூறுவது யன்னல்களின் சிறுமையையே. குளிருக்கு அஞ்சிச் சிறிதாக வைத்தனர் என்பது உண்மையே. ஆயின் வேறொரு காரணமும் உண்டு. 1798 முதல் 1926 வரை பிரான்சிலே கதவுகளையும் யன்னல்களையும் எண்ணி வரி விதித்தனர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விலை கொடுக்கவேண்டியிருந்த காலத்தில் ஏழை உழவன் என் செய்வான்? இதனை அறியாது, சுவரை அகல உடைத்துக் கண்ணாடி பதிப்போர், சில வேளை சுவரின் பாரத்தைத் தாங்கி நின்ற கல்லையே பெயர்த்துவிடுகின்றனர்.

ஆகவே, அனுபவமுள்ளோர் கூறும் முதற் புத்தி இதுதான்: வீட்டை வாங்கியதும் இடிக்கத் தொடங்காதீர், கூடுமாயின் ஓராண்டு முழுவதும் அதனைக் கவனியுங்கள். மாரி மழையில் நீர் எப்பக்கத்தால் வருகிறது, குளிர்காலச் சூரியன் எந்த அறையை எட்டுகிறது, கோடையில் எந்த மூலை குளிர்ச்சியாயுள்ளது என்பனவற்றை எந்தக் கட்டிடக் கலைஞனின் வரைபடமும் முழுதாகச் சொல்லாது.

சுண்ணாம்பும் சீமெந்தும்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான விடயத்துக்கு வருவோம். இவ்வீடுகளின் சுவர் பெரும்பாலும் 50, 60 சதமமீற்றர் தடிப்புள்ளது. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, இரண்டுக்கும் நடுவே சிறுகல்லும் மண்ணும். இணைப்பதற்குச் சுண்ணாம்புச் சாந்து அல்லது வெறுங் களிமண். அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் இல்லை. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். ஏறிய ஈரம் சாந்தின் நுண்துளைகள் வழியே காற்றிற் கலந்து போகும். சுவர் நீரைக் குடிக்கிறது, மூச்சாக வெளியே விடுகிறது. இவ்வேற்பாட்டினாலேயே அது இருநூறு ஆண்டுகள் நின்றது.

இச் சுவரின் மேல் சீமெந்தைப் பூசினால் யாது நிகழும்? சீமெந்து கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. நிலத்திலிருந்து ஏறிய நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளே சிறைப்படும். மேலும் மேலும் உயர ஏறும். உள்ளிருக்கும் மண் நெகிழும். தீராந்திகளின் நுனி உக்கும். உட்சுவரில் உப்புப் பூக்கும். குளிர்காலத்தில் அந்நீர் உறைந்தால், பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 வீதம் பெருகுகிறது. மென்மையான சுண்ணக்கல் அதைத் தாங்காது. தோல் உரிவதுபோற் படை படையாகக் கழன்று விழும். அப்போதும் வெளியிலுள்ள சீமெந்துப் பூச்சு உறுதியாகவே தோன்றும். நோய் உள்ளேயிருக்க, முகத்துக்கு மாப்பூசிய நிலை அது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நல்லெண்ணத்தோடும் நிறைந்த செலவோடும் செய்யப்பட்ட இத்தகைய திருத்தங்களால் பழுதான வீடுகள் மிகப்பல.

சுண்ணாம்பின் தன்மை வேறு. சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சூளையிலிட்டுச் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து போகிறது. எஞ்சிய நீறாத சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்துப் பொங்கி நீறுகிறது. நம் வெற்றிலைத் தட்டத்தில் இருப்பதும் இதுவே. மணலோடு குழைத்துச் சுவரிற் பூசியபின், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்சியங் காபனேற்றாக மாறுகிறது. கல்லாயிருந்தது மாவாகி, சாந்தாகி, திரும்பவும் கல்லாகிவிடுகிறது. அங்ஙனம் ஆன பின்னரும் ஈரம் செல்ல நுண்வழிகளை விட்டு வைக்கிறது. சுவர் சற்று அசைந்தால், வெடித்துப் பிளவாது, ஓரளவுக்கு இணங்கியும் கொடுக்கிறது.

இவ்விடத்திற் சரித்திரத்தின் விந்தையொன்றைக் குறிப்பிடல் வேண்டும். இதே கெர்சி நாட்டில், தோர்தோஞ் ஆற்றின் மேல் சூயாக் என்னும் ஊரிலே பாலம் கட்டும் பணி 1812ஆம் ஆண்டில் லூயி விக்கா என்ற இளம் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாய்ந்தோடும் நீருக்கடியில் இறுகத்தக்க சாந்து அவருக்குத் தேவையாயிற்று. சில சுண்ணாம்புகள் மட்டும் நீரில் இறுகுவதேன் என ஆராய்ந்தார். கல்லிற் கலந்துள்ள களிமண்ணே அதற்குக் காரணம் எனக் கண்டு, இரண்டையும் உரிய அளவிற் கலந்து சுட்டுச் செயற்கையாகவே அதனைச் செய்யலாமென 1818இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தம் கண்டுபிடிப்புக்கு அவர் தனியுரிமை கோரவில்லை. பாரிசு ஐபெல் கோபுரத்திற் பொறித்த 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. இக்காலச் சீமெந்துக்கு வழிவகுத்தவருள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். பாலத்துக்கு வேண்டிய வலிமை வேறு, உழவன் வீட்டுச் சுவருக்கு வேண்டிய இணக்கம் வேறு என்பதைப் பின்வந்தோர் மறந்தது அவர் குற்றமன்று.

இன்று பிரான்சிலே நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 2, 3.5, 5 என்னும் மூன்று வலிமைத் தரங்களில் விற்கப்படுகிறது. மென்கல்லுக்கு வலிமை குறைந்ததையே தேர்தல் வேண்டும். சாந்து எப்பொழுதும் கல்லிலும் மென்மையாயிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று படையாகப் பூசுவர். வெப்பம் 5 பாகைக்குக் குறையும் நாட்களிற் பூசமாட்டார்; உறைபனி சாந்தைக் கெடுத்துவிடும்.

மற்றொரு நாகரிகத்தையும் சொல்லிவைப்போம். பழைய காரையை முழுதும் உரித்து, கல் தெரியும்படி விடுவதே அழகு எனப் பலர் எண்ணுகின்றனர். செதுக்காத கற்களாற் கட்டிய வீட்டுச் சுவரை முன்னோர் பெரும்பாலும் வெறுமையாக விட்டதில்லை. தொழுவத்தையும் களஞ்சியத்தையுமே அவ்வாறு விட்டனர். காரை சுவரின் சட்டை. அதனை உரித்துவிட்டு மழைக்கு முன்னே நிறுத்துதல் பரிவான செயலன்று.

எது முன், எது பின்?

புதிதாக வாங்கினோர் அடுப்படியையும் குளியலறையையும் முதலில் அழகுபடுத்த விரும்புவர். வேலை தெரிந்த மேசன்மார் அதற்கு உடன்படார். முதலிற் கூரையும் பீலியும். அடுத்து வீட்டைச் சுற்றி நீர் வடியும் வழி. பின் சுவரும் தீராந்தியும். அதன்பின் மின்கம்பியும் குழாயும். கடைசியிலேதான் பூச்சும் நிறமும் தளபாடமும். இவ்வொழுங்கை மாற்றினால் ஒரு வேலையை இருமுறை செய்ய நேரும்.

கெர்சியின் பழைய கூரைகளிற் சில, ஓட்டுக்குப் பதிலாகத் தட்டைச் சுண்ணக்கற்களை அடுக்கி வேயப்பட்டவை. ஒரு சதுர மீற்றர் கூரையே பல நூறு கிலோகிராம் கனக்கும். அதனைத் தாங்கும் ஓக் மரத் தீராந்திகளை வண்டுப் புழு அரித்திருப்பதைக் கண்டு அஞ்சி, முழுவதையும் மாற்றிவிடுவோர் உளர். மரத்தைத் தட்டியும் கத்தியாற் குத்தியும் பார்த்தால், பெரும்பாலும் வெளிறு மட்டுமே அரிக்கப்பட்டு, உள்ளே வைரம் கெடாது நிற்பது புலனாகும். தேர்ந்த தச்சன் பழுதான நுனியை மட்டும் அறுத்துப் புதுமரத்தைப் பொருத்தி விடுவான்.

இத்தகைய தச்சர் இன்னும் உளரோ என்னும் ஐயம் எழலாம். ஊர் ஊராகச் சென்று தொழில் பயிலும் பிரான்சியக் கைவினைஞரின் 'கொம்பஞோன்' மரபு 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பேர்கண்டி நாட்டில் கெதலோன் என்னுமிடத்தில், 13ஆம் நூற்றாண்டு முறைகளைக் கொண்டே 1997 முதல் ஒரு கோட்டையைக் கட்டி வருகின்றனர். அங்கே கோடரியால் மரம் செதுக்கப் பழகிய தச்சருட் சிலர், 2019இல் தீப்பற்றிய பாரிசு நோத்ர தாம் தேவாலயத்தின் கூரையை மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டனர். அத் தேவாலயம் 2024 திசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. பழந்தொழில் பயனற்றது என்போர்க்கு இது தக்க மறுமொழியாகும்.

தடித்த கற்சுவர் குளிரைத் தடுக்கும் என்பதும் முழு உண்மையன்று. கோடையிலே அது நற்குளிர்ச்சி தரும். மாரியிலோ வெப்பத்தை மெல்ல வெளியே கடத்திவிடும். பழைய வீடொன்றின் வெப்பத்தில் 25 முதல் 30 வீதம் வரை கூரை வழியாகவே வீணாகிறது எனக் கணக்கிட்டுள்ளனர். ஆதலால் கூரைக்கு அடியில் மரநார், ஆட்டுமயிர் போன்றவற்றைப் பரப்பியும், சுவரின் உட்புறத்தில் சுண்ணாம்போடு சணற்றண்டுத் துண்டுகளைக் கலந்து பூசியும் குளிரைத் தடுக்கின்றனர். இவையும் ஈரத்தைச் சிறைப்படுத்தாதவை என்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தின் காவல்

காணி உறுதியை முடித்துக் கொடுப்பவர் அங்கும் நொத்தாரிசே. முதல் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட பின்னும், மனம் மாறினால் விலகிக்கொள்ள வாங்குவோனுக்கு 10 நாள் தவணையுண்டு. 1949ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வீடாயின், நிறப்பூச்சில் ஈயம் உண்டா எனச் சோதித்த அறிக்கையை விற்போன் தரல் வேண்டும். வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைக்கு ஊர் நகரசபையின் அனுமதி தேவை. காக்கப்பட்ட சரித்திரச் சின்னம் ஒன்று 500 மீற்றர் தூரத்துக்குள் இருப்பின், அரசாங்கக் கட்டிடக் கலைஞரின் இசைவும் வேண்டும். 1943இல் இயற்றிய இவ்விதியால், யன்னற் கதவின் நிறத்தைக்கூடத் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியவில்லையே எனச் சலிப்போர் உளர். ஆயினும் அக்கிராமங்கள் கண்ணுக்கு இனியனவாய் இன்றும் நிற்பதற்கு அச் சலிப்பும் ஒரு விலையே. மற்றொரு சட்டம், 1978 முதல், வீட்டின் உறுதியைப் பாதிக்கும் குறைகளுக்கு வேலை செய்தவரே பத்தாண்டு வரை பொறுப்பாவார் என்கிறது.

தளபாடங்கள்

சுவர் உலர்ந்தபின் வீட்டுக்குள் எவற்றை வைப்பது? பழைய உழவன் வீட்டிற் பொருள் குறைவு. நீண்ட மேசை, அதன் இருபுறமும் வாங்கு, மாப்பிசையும் மரத்தொட்டி, வைக்கோல் பின்னிய கதிரைகள், வால்நட் மரத்திலோ செரி மரத்திலோ செய்த உயர்ந்த அலுமாரி. வசதியுள்ளோர் வீட்டில் ஒரு நெடிய மணிக்கூடு. அடுப்பருகே உப்புப் பெட்டி இருக்கும். அதன் மூடியே இருக்கையுமாகும். உப்பு ஈரமாகாது காப்பதற்காக அதனை நெருப்பின் பக்கத்தில் வைத்தனர். வீட்டின் முதியவருக்கும் அதுவே கணகணப்பான இடமாயிற்று.

1950களிலும் 1960களிலும் கிராமத்தவர் இப் பாரமான பொருட்களை வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டு, துடைத்தால் பளபளக்கும் போர்மைக்கா மேசைகளை வாங்கினர். வறுமையை நினைவூட்டும் பொருட்கள் தொலைந்தன என மகிழ்ந்தனர். அவர்களை நாம் நகைத்தல் தகாது. கரியும் குளிரும் நிறைந்த வீட்டில் வாழ்ந்து களைத்தவர் அவர்கள். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ஊர்ச் சந்தைகளில் அதே அலுமாரியைத் தேடுகின்றனர். நகரத்துச் சிறு வீடுகளுக்குள் அது நுழையாதென்பதால், விலையும் முன்போல் உயர்ந்ததன்று.

யன்னற் சீலையிலும் படுக்கை விரிப்பிலும் நமக்கு உறவான ஒரு செய்தி உண்டு. தெற்குப் பிரான்சின் பூப்போட்ட பருத்தித் துணிகளுக்கு 'அந்தியென்', அதாவது இந்தியத் துணி என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை முதலிய இந்தியத் துறைகளிலிருந்து கப்பலேறிய சித்திரச் சீலைகளே அவற்றின் தாய். துவைத்தும் மங்காத அவற்றின் நிறங்கண்டு பிரான்சியர் மயங்கினர். தம் பட்டு, கம்பளி நெசவாளர் தொழில் இழப்பர் என அஞ்சிய அரசு 1686இல் அவற்றைத் தடைசெய்தது. 1759இலேயே தடை நீங்கியது. சோழமண்டலத்துச் சீலைகளின் செந்நிறம் சாயவேரிலிருந்து பெறப்பட்டது. அக்காலத்தில் நம் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் அவ்வேர் தோண்டப்பட்டதைச் சரித்திரம் பயின்றோர் அறிவர். ஆகவே கெர்சி வீட்டின் யன்னலில் ஆடும் சிவந்த பூஞ்சீலைக்கும் நமது கடற்கரைக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

வீடு யாருக்கு?

இவ்வளவும் செய்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. பிரான்சிலே ஏறத்தாழ 30 இலட்சம் வீடுகள் குடியின்றி வெறுமையாயுள்ளன. அவற்றின் வேறாக, விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் அதனினும் அதிகம். பீற்றர் மெயில் என்னும் ஆங்கில எழுத்தாளர் புரோவான்சில் தாம் வாங்கிய பழைய வீட்டைப்பற்றி 1989இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியபின், இவ்வாசை மேலும் வளர்ந்தது. வெளியார் பணம் வந்ததாற் பல கூரைகள் விழாது தப்பின. ஊர்க் கைவினைஞர்க்கும் தொழில் கிடைத்தது. ஆயின் விலையும் ஏறிற்று. சில ஊர்களில், பிறந்த மண்ணிலேயே வீடு வாங்க முடியாது இளந் தம்பதிகள் வெளியேறுகின்றனர். பிள்ளைகள் குறைந்தாற் பாடசாலை மூடப்படும். பாண் கடையும் அதைப் பின்பற்றும். அருமையாகப் புதுக்கிய வீடுகள் நிறைந்தும், மாரியில் ஒரு யன்னலிலேனும் விளக்கெரியாத ஊரைக் காக்கப்பட்ட ஊர் என்று எங்ஙனம் சொல்வது?

சீமெந்து சுவரின் மூச்சை அடைப்பதுபோல, பத்து மாதம் பூட்டிய கதவு ஊரின் மூச்சை அடைக்கிறது. பழைய வீட்டை வாங்குவோர் கல்லுக்கு இசைந்த சுண்ணாம்பைத் தேடுவதோடு நின்றுவிடலாகாது. அங்கே வாழவும், ஊரிலே கொள்வன கொண்டு கொடுப்பன கொடுக்கவும், அதன் பாடசாலைக்குத் தம் பிள்ளையை அனுப்பவும் முன்வருவோரே அவ் வீட்டை முழுமையாகப் புதுக்கியவராவர். ஏனையோர் தாமில்லாத மாதங்களிலேனும் ஊராருள் ஒருவருக்கு அதனை வாடகைக்கு விடலாம். கூரையும் காரையும் பணத்தால் ஆகும். நாள்தோறும் அடுப்பிலே தீ மூட்டுவதற்கோ ஆள் வேண்டும்.